பண்ணைப் படியும் பானைச் சோறும்

அன்றைக்கு வீரையன் வீட்டில் இருந்தவர்கள் நால்வர். விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் கிளைச் செயலாளர் வீரையன். பெரிய பண்ணையின் காரியஸ்தர் இராஜாங்கம். கூலித் தகராறை விசாரிக்க வந்த சமரச அதிகாரி அரசப்பன். அவருடைய ஜீப் டிரைவர் அஹமது கபீர். வேறு யாரும் இல்லை. தாங்களும் இருந்ததாகச் சொல்லிக்கொள்கிறவர்கள் பிற்பாடு பெருகிவிட்டார்கள். அவர்களை இதில் சேர்க்க இயலாது.

வீரையனின் மனைவி அம்சம் அங்கே இல்லை. அதுதான் சிக்கல். ஏனென்றால் வீரையன் அடுப்பின் முன்னால் உட்கார்ந்து பாதித் தீப்பெட்டியைத் தீர்த்திருந்தார், அடுப்பு இன்னும் பற்றவில்லை.

"என்னய்யா, இன்னும் புகைதான் வருது?" என்றார் இராஜாங்கம்.

"விறகு ஈரங்க."

"விறகு ஈரமா, ஆளு ஈரமா?"

மார்கழித் தூறல் கூரையில் ஓயாமல் விழுந்துகொண்டிருந்தது. வாடைக் காற்று வாசல்வழி நுழைந்து கொல்லைவழி போயிற்று. அரசப்பன் மப்ளரைக் காதுக்கு மேல் சுற்றிக்கொண்டு, கைகளைக் கக்கத்தில் செருகியிருந்தார். கபீர் எழுந்துபோய் ஜீப்பிலிருந்து எண்ணெய்த் துணி ஒன்றைக் கொண்டுவந்து அடுப்பில் போட்டார். அடுப்பு குப்பென்று பற்றியது. வீரையனின் புருவத்தில் கொஞ்சம் போயிற்று.

விஷயம் சிறியதல்ல. கழக ஆட்சி வந்து, கூலிக்குச் சட்டமும் வந்துவிட்டது. ஆனால் சட்டம் சென்னையிலிருந்து வந்தது. கூலி நெல்லை அளக்கிற படி பண்ணையிலிருந்து வந்தது. அந்தப் படி கள்ளப் படி என்று சங்கத்தார் பல வருஷமாகச் சொல்லிவந்தார்கள். நிரூபிக்க முடியவில்லை. பிடி வைத்த அந்தப் பித்தளைப் படியை இராஜாங்கம் யார் கையிலும் கொடுத்ததில்லை. அளப்பார், எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

முதல் நாள் பேச்சுவார்த்தையில் வீரையன் கூலியில் அரைப்படி உயர்வு கேட்டார். இராஜாங்கம் படியைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார்.

"இது சத்தியப் படி. இதுல ஒரு படி அரிசி பொங்கினா நாலு ஆம்பளைங்க வயிறு நிறையும். அப்புறம் எதுக்கு உயர்வு?"

"உங்க படியில பொங்கினா ரெண்டு பேருக்கே காணாது!"

இரண்டு மணி நேரம் இதையே கேட்டுக் களைத்த அரசப்பன் சொன்னார்: "பொங்கித்தான் பார்த்துடுவோமே. வீரையன் வீட்லயே ஆகட்டும். ரெண்டு தரப்புலயும் ஒவ்வொருத்தர், நடுவுல நானும் டிரைவரும். நாலு பேரும் திருப்தியா எழுந்தா கோரிக்கை வாபஸ். பத்தலைன்னா அரைப்படி உயர்வு. சம்மதமா?"

"சம்மதம்" என்றார் வீரையன். சொன்ன சொல்லிலிருந்து பின்வாங்குவது அந்தக் குடும்பத்தில் கிடையாது. ஆனால் சமைப்பது அம்சம் என்று நினைத்துத்தான் சொன்னார்.

அம்சம் காலையில் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு நின்றாள்.

"இன்னைக்கு எங்களுக்குக் கீழ்வேளூர்ல ஊர்வலம். தாலுகா ஆபீஸ் வரைக்கும் தட்டு தட்டிக்கிட்டுப் போறோம். நீங்க போட்ட தீர்மானம்தானே?"

"அடியே, சோறு யாரு ஆக்குறது?"

"நீங்கதான். ஒரே பானை, பெரிய வேலை இல்ல. தண்ணி கொதிச்சதும் அரிசி, பாசிப்பருப்பு, மிளகு, சீரகம், இஞ்சி, முருங்கைக்கீரை எல்லாத்தையும் ஒண்ணாப் போடுங்க. குழையுற வரைக்கும் கிண்டுங்க. உப்பு கடைசியில. இந்தக் குளிருக்குச் சுடச்சுட இருந்தா யாரும் குத்தம் சொல்ல மாட்டாங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். படியை அவங்களே கொண்டுவர்றாங்களா?"

"காரியஸ்தரே வந்து அளப்பாராம்."

அம்சம் கொஞ்சநேரம் அடுப்பையே பார்த்தாள். பிறகு தட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "விடாம கிண்டணும், மறந்துடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இப்போது தண்ணீர் கொதித்தது. இராஜாங்கம் சாக்கிலிருந்து அரிசியை அள்ளி, படியின் தலையைத் தட்டி, நாலு பேருக்கும் காட்டிவிட்டுப் பானையில் கொட்டினார். வீரையன் மற்ற எல்லாவற்றையும் ஒரே மூச்சில் போட்டார். இஞ்சியைத் தோலோடு போட்டார். கீரையைக் காம்போடு போட்டார். உப்பையும் அப்போதே போட்டார்.

"தண்ணி பத்தாது வீரையா. இன்னும் ரெண்டு செம்பு ஊத்து" என்றார் இராஜாங்கம் பரிவோடு.

வீரையன் ஊற்றினார். ஊற்றிய பிறகுதான் உறைத்தது. தண்ணீர் கூடினால் சோறு குழைந்து பெருகும். பெருகினால் நாலு பேருக்கும் வயிறு நிறையும். நிறைந்தால் அரைப்படி போயிற்று.

"இன்னும் ஒரு செம்பு?" என்றார் இராஜாங்கம்.

"வேண்டாங்க!"

வீரையன் கொல்லைக்குப் போய் விறகு எடுத்துவந்தபோது அரசப்பன் அடுப்பருகே குளிர் காய்ந்துகொண்டு, உதவி செய்த திருப்தியோடு நின்றிருந்தார்.

"உப்பு போட்டுட்டேன் வீரையன். நீங்க மறந்துட்டீங்க."

"சார்! நான் முன்னாடியே போட்டுட்டேனே!"

"அப்படியா? எனக்கு ஓட்டல் சாப்பாடு. எப்பப் போடுவாங்கன்னு தெரியாது."

கபீர் ஒரு துளியை நாக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். "சார், இது சோறு இல்ல, நாகப்பட்டினம் கடல்."

உப்பு கரித்தால் யாரும் சாப்பிட மாட்டார்கள். சாப்பிடாவிட்டால் சோறு மிஞ்சும். மிஞ்சினால் ஜெயிப்பது இராஜாங்கம். வீரையன் பல்லைக் கடித்துக்கொண்டு மேலும் மூன்று செம்பு தண்ணீர் ஊற்றி, இன்னொரு பிடி கீரையும் போட்டார். உப்பு குறைந்தது. சோறு பானையின் கழுத்துக்கு ஏறியது.

"பாருங்க சார்! பானை கொள்ளல!" என்று இராஜாங்கம் கைகொட்டினார். "ஒரு படி அரிசி! ஒரே ஒரு படி!"

பானை பொங்கி அடுப்பில் வழிந்தது. பாதி நெருப்பு அணைந்தது. அடியில் பிடிக்கிற வாசனை வந்தது.

"கிண்டுங்க அண்ணே, கிண்டுங்க!" என்றார் கபீர்.

வீரையன் அடுப்புக்கு மேலே கூரையில் கைவிட்டார். அகப்பை எப்போதும் செருகியிருக்கிற இடம் அது. இல்லை. அரிசிப் பானைக்குப் பின்னால் பார்த்தார். இல்லை. கரண்டியையாவது தேடினார். அதுவும் இல்லை. அலுமினிய டம்ளரை விட்டுக் கிண்டினார். டம்ளர் சுட்டது, கைவிட்டார், டம்ளர் உள்ளே முங்கிப்போயிற்று.

"இப்ப டம்ளரையும் சேர்த்துச் சாப்பிடணுமா?" என்றார் அரசப்பன்.

வீரையனின் கண்ணில் பட்டது அந்தப் படி. பிடி வைத்த படி. எட்டி எடுத்தார். பானையில் விட்டார். அடியிலிருந்து ஒரு சுழற்று சுழற்றினார்.

இராஜாங்கம் போட்ட சத்தத்தில் கொல்லையில் கோழி பறந்தது.

"அடப்பாவி! எடு! எடுய்யா அதை! அது அளக்குற படி! அதைக் கொதிக்கிற உலையில விடுறியே!"

"பித்தளைதானே காரியஸ்தரே, உருகியா போயிடும்?"

"சார், நீங்க சொல்லுங்க சார்! பண்ணையோட கௌரவம் சார் அது!"

"பண்ணையோட கௌரவத்தைக் கழுவிக்கலாம்" என்றார் அரசப்பன், பல் கிட்டித்தபடி. "எனக்குக் குளிருது. சீக்கிரம் இறக்கட்டும்."

வீரையன் அந்தப் படியாலேயே கிண்டினார். அந்தப் படியாலேயே டம்ளரை மீட்டார். குழைந்ததும் இறக்கி, நாலு இலை போட்டு, அந்தப் படியாலேயே பரிமாறினார். இராஜாங்கத்தின் கண் படியை விட்டு நகரவில்லை. அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரிய வழியில்லை. ஒட்டிய சோறு அதை மூடியிருந்தது.

"நான் இங்க சாப்பிடுறதா?" என்று இராஜாங்கம் இலையைப் பார்த்து மூக்கைச் சுளித்தார்.

"நாலு பேர்ல நீங்க ஒருத்தர்" என்றார் அரசப்பன். "நேத்து சம்மதிச்சீங்க."

இராஜாங்கம் கண்டிப்பான முகத்தோடு ஒரு வாய் வைத்தார்.

மிளகு முதலில் மூக்கில் ஏறியது. பிறகு இஞ்சி நெஞ்சில் இறங்கியது. குழைந்த பருப்பும் கீரையும் வெதுவெதுவென்று வயிற்றைப் போய்ச் சேர்ந்தன. வெளியே வாடை வீசியது. உள்ளே ஆவி பறந்தது. இராஜாங்கம் மேல்துண்டைக் கழற்றி வைத்தார். இரண்டாம் வாய்க்கு முகம் தளர்ந்தது. ஐந்தாம் வாய்க்கு அவர் படியை மறந்தார்.

"யோவ் வீரையா, இன்னும் கொஞ்சம் வை."

"வைக்கிறேங்க."

"அந்த ஓரத்துல, கீரையோட வை."

அரசப்பன் மப்ளரை அவிழ்த்தார். கபீர் இஞ்சித் தோலை மட்டும் ஒதுக்கிவிட்டு இலையை வழித்தார். வீரையனும் சாப்பிட்டார். தம் கையால் ஆக்கியது இவ்வளவு நன்றாக இருக்கிறதே என்று பெருமையாக இருந்தது. அதுதான் வினையாயிற்று. ஏனென்றால் நாலு பேரும் போதும் போதும் என்று கை மறித்தார்கள்.

அரசப்பன் ஏப்பம் விட்டார். "வீரையன், மனசு கஷ்டமா இருக்கு. ஆனா நிறைஞ்சுடுச்சு."

"எனக்கும்" என்றார் கபீர், தலையைக் குனிந்துகொண்டு.

வீரையன் தம் இலையை மடித்தார். நூறு குடும்பங்களின் அரைப்படியைத் தானே பொங்கிப் போட்டுவிட்டோம் என்று அவருக்குத் தோன்றியது. ஆனாலும் எழுந்து நின்று, தோளில் துண்டைச் சரியாகப் போட்டுக்கொண்டார். "சொன்னபடி வாபஸ் வாங்கிக்கிறேன் சார்."

அதோடு இராஜாங்கம் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"நிறைஞ்சது மட்டுமா சார்? மிஞ்சியும் இருக்கு! பானையைக் கவுத்துக் காட்டச் சொல்லுங்க. எவ்வளவு மிச்சம்னு அதிகாரி கண்ணால பார்க்கட்டும். நாளைக்கு இவங்க பேச்சு மாறக்கூடாது. கவுத்துய்யா!"

வீரையன் பானையை ஓர் இலையில் கவிழ்த்தார். நாலு கவளம் சோறு விழுந்தது. அதற்கு மேல் சொத்தென்று இன்னொன்று விழுந்தது. வட்டமாக, கருஞ்சிவப்பாக, ஒரு விரல் கனத்தில்.

"இது என்ன, கருப்பட்டியா?" என்றார் அரசப்பன்.

"நான் கருப்பட்டி போடலையே சார்."

இராஜாங்கத்தின் கை அதை நோக்கிப் பாய்ந்தது. கபீரின் கை முந்திக்கொண்டது. அவர் அதைத் திருப்பிப் பார்த்தார், முகர்ந்தார், நகத்தால் கீறினார். பிறகு படியை எடுத்து உள்ளே ஒட்டியிருந்த சோற்றை வழித்துப்போட்டுவிட்டு, அந்த வட்டத்தை உள்ளே இறக்கினார். அச்சுப் பிசகாமல் உட்கார்ந்தது.

"சார், இது கருப்பட்டி இல்ல. அரக்கு. படியோட அடி."

அரசப்பன் இலையை விட்டு எழுந்து அருகே வந்தார்.

"சூட்டுல கழண்டுக்கிட்டு வந்திருக்கு" என்றார் கபீர். "இத்தனை வருஷமா நெல்லுதானே அளந்தாங்க. நெல்லு சுடாதே."

அரசப்பன் படியை வாங்கி, அரக்கை வெளியே எடுத்து, உள்ளே பார்த்தார். பிறகு இராஜாங்கத்தைப் பார்த்தார். இராஜாங்கம் துண்டைத் தேடிக்கொண்டிருந்தார். அது அவர் காலடியிலேயே கிடந்தது.

"இது சத்தியப் படின்னு நேத்து சொன்னீங்க."

"அது வந்து சார்..."

"இதே படியிலதான் அளப்பீங்களா?"

"வழக்கம் அதுதான் சார்..."

"வழக்கத்தை மாத்த வேண்டாம். இதே படியிலயே அளங்க. இப்ப இதுல எவ்வளவு கொள்ளுதோ அவ்வளவு கொடுங்க. அரக்கு என்கிட்ட இருக்கட்டும். நாளையிலேருந்து அளவு நடக்கறப்ப இந்தப் படி வீரையன் கையிலயும் ஒரு தடவை போய் வரணும். இல்லேன்னா இந்தக் கருப்பட்டியைக் கலெக்டர் மேஜையில வைக்க வேண்டியிருக்கும்."

இராஜாங்கம் குடையை மறந்துவிட்டுத் தூறலில் இறங்கி நடந்தார்.

வீரையன் விரலைப் படிக்குள் விட்டு ஆழம் பார்த்தார். கேட்டது நாள் கூலிக்கு அரைப்படி. நாள் கூலி நாலு படி; இப்போது அளக்கிற ஒவ்வொரு படியிலும் கால்படி கூடுகிறது. கோரிக்கையை வாபஸ் வாங்கிவிட்டு, கேட்டதைவிட அதிகம் வாங்கிய முதல் சங்கச் செயலாளர் அவராகத்தான் இருக்க வேண்டும்.

"அண்ணே" என்றார் கபீர் ஜீப்பில் ஏறிக்கொண்டே, "சமையலை விட்டுடாதீங்க. நாட்டுக்கு நல்லது."

சாயங்காலம் ஊர்வலப் பெண்கள் தட்டுகளோடு திரும்பினார்கள். செய்தி அவர்களுக்கு முன்பே தெருவுக்கு வந்துவிட்டது. வீரையன் வாசலில் நின்று, பக்கத்து வீட்டுச் செவ்வந்திக்கு நாலாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் அவர் படியை எட்டி எடுத்த வேகம் கூடிக்கொண்டு வந்தது.

"அம்சம், நீ இல்லாமலே ஜெயிச்சுட்டேன் பார்த்தியா! அகப்பை மட்டும் கையில கிடைச்சிருந்தா நான் படியைத் தொட்டிருக்கவே மாட்டேன். அது காணாமப் போனதும் நல்லதுக்குத்தான்!"

"நல்லதுக்குத்தான்" என்றாள் அம்சம். பையிலிருந்து தட்டை எடுத்துக் கழுவப் போட்டாள். அகப்பையை எடுத்து அடுப்புக்கு மேலே கூரையில் செருகினாள். மிச்சச் சோற்றில் ஒரு வாய் எடுத்துப் பார்த்து, "உப்பு ஒரு கல்லு கூடுதல்" என்றாள்.

அன்று அம்சம் ஊர்வலத்தில் தட்டு தட்டுவதற்காகத்தான் அகப்பையை எடுத்துப்போனாள் என்றும், எல்லாம் வீரையனின் அதிர்ஷ்டம் என்றும் கீழ்வேளூர் வரைக்கும் ஒரு பேச்சு உண்டு. அது தவறு. தட்டு தட்ட அவள் கரண்டி கொண்டுபோயிருந்தாள்; ஊர்வலம் முடிகிற வரைக்கும் அகப்பை பையை விட்டு வெளியே வரவே இல்லை.