சீப்புச் சீடையும் பத்துக் கேள்விகளும்

பெயரை மட்டும் கேட்டுவிட்டு ஒருவரை விட்டுவிடுவது எங்கள் காரைக்குடிப் பக்கம் ஆகாத காரியம். எந்த ஊர், எந்தக் கோயில் (எங்களுக்குக் கோயில்தான் குலம்), யார் வீட்டுப் பிள்ளை என்று தோண்டித் துருவினால்தான் எங்களுக்குச் சாப்பாடே இறங்கும். இந்த நல்ல பழக்கத்தை இணையத்திலும் கடைப்பிடித்து மானம் போனவள் நான்.

பெங்களூர் வேலையை உதறிவிட்டு, அம்மா செய்யும் பலகாரங்களை இணையத்தில் விற்கப்போகிறேன் என்று வந்து நின்றேன். அப்பச்சி (எங்கள் வீடுகளில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) பொங்கல் வரைக்கும் தவணை கொடுத்தார்.

"அதுக்குள்ள நூறு பேரு உன் பட்டியல்ல சேந்தா யாவாரத்தைப் பாரு. இல்லாட்டி நாங்க பாக்குற மாப்பிள்ளையைப் பாரு."

பட்டியல் என்றால் மின்னஞ்சல் பட்டியல். அதற்கு ஒரு லேண்டிங் பேஜ் செய்தேன். வருகிறவரிடம் பெயரையும் மின்னஞ்சலையும் வாங்கிக்கொள்ளும் ஒற்றைப் பக்கம், அவ்வளவுதான். சேர்ந்தால் சீப்புச் சீடை செய்முறை இலவசம். அம்மா எட்டிப் பார்த்தாள்.

"என்னடி இது, பேரை மட்டும் கேட்டா மரியாதையாவா இருக்கு? யாரு எவருன்னு கேக்க வேணாமா?"

எனக்கும் அது நியாயமாகப் பட்டது (சனி அங்கேதான் பிடித்தது). ஊர், கோயில், தகப்பனார் பெயர், வயது, படிப்பு, வேலை, கல்யாணம் ஆகிவிட்டதா... மொத்தம் பத்துக் கேள்விகள். (கல்யாணக் கேள்வி, வீட்டுக்கு எத்தனை கிலோ தேவைப்படும் என்று தெரிந்துகொள்ள!) படத்தில் நான் பட்டுப்புடவையில், கையில் சீடைத் தட்டோடு சிரித்துக்கொண்டு நின்றேன். பதிவு செய்தவர்களுக்குத் தானாகப் போகும் பதிலையும் நானே எழுதினேன்: "தங்கள் விருப்பம் அறிந்து மகிழ்ச்சி. விரைவில் நல்ல செய்தி சொல்கிறோம்." செய்முறையை இணைக்கவும், பட்டியலிலிருந்து விலகிக்கொள்ள ஒரு பட்டன் வைக்கவும் மறந்துபோனேன்.

அப்பச்சி அந்தப் பக்கத்தைச் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுக்களுக்கெல்லாம் அனுப்பினார். மூன்றே நாளில் நூறு பேரைத் தாண்டிவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்புறம்தான் ஒவ்வொன்றாகத் திறந்தேன். "பையன் சிங்கப்பூரில்." "ஜாதகம் இணைத்துள்ளோம்." "பெண்ணின் நட்சத்திரம் தெரிவிக்கவும்." உண்மையைச் சொன்னால் பட்டியல் காலியாகிவிடுமே என்று வாயே திறக்காமல் இருந்தேன்.

பொங்கலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, நேமத்தான்பட்டியிலிருந்து ஒரு குடும்பம் பழத்தட்டோடு காரில் வந்து இறங்கியது. யாரென்றே தெரியாமல் அப்பச்சி "வாங்க, வாங்க" என்று கும்பிட்டார்.

"நல்ல செய்தி சொல்றோம்னு எழுதியிருந்தீக. வாரம் ரெண்டாச்சு, சத்தத்தையே காணோம். அதான் நாங்களே வந்துட்டோம்" என்றார் வந்த ஆச்சி.

நான் ஓரடி முன்னால் வந்தேன். "இல்லங்க ஆச்சி... அது பலகாரத்துக்கு."

அந்த ஆச்சியின் மகன் காதுவரை சிவந்துபோய்ச் சொன்னார்: "நான் அப்பவே சொன்னேன்ல ஆத்தா? நான் சீடைக்குத்தான் பதிவு பண்ணினேன். அந்தச் செய்முறை இன்னும் வரலைங்க."

நான் அப்பச்சி பக்கம் திரும்பினேன். "அப்பச்சி, நான் தோத்துட்டேன். பட்டியல்ல பலகாரத்துக்குன்னு சேந்தது இவரு ஒருத்தருதான். மத்ததெல்லாம் ஜாதகம்."

அப்பச்சி வயிறு குலுங்கச் சிரித்தார். "நூறு பேரு சேரணும்னுதானே சொன்னேன். எதுக்குச் சேரணும்னு நான் சொல்லலையே. போ, யாவாரத்தைப் பாரு."

அந்த நிமிஷம் அப்பச்சியை எனக்கு எவ்வளவு பிடித்தது என்று இன்றுவரை சொன்னதில்லை. வந்தவர்கள் சீடையை ஒரு கை பார்த்தார்கள். கிளம்பும்போது மகன் என்னிடம் மெதுவாக, "முதல்ல அந்தப் பத்துக் கேள்வியைத் தூக்குங்க" என்றார்.

தூக்கினேன். பட்டியல் மெல்ல வளர்ந்தது. நான் அனுப்பிய ஒவ்வொரு மின்னஞ்சலுக்கும் நேமத்தான்பட்டிக்காரர் தவறாமல் பதில் போட்டார்: "உப்பு கூட." "இந்தத் தடவை தேன்குழல் பரவாயில்லை." இப்படியே இரண்டு வருஷம். பிறகு ஒரு நாள், அந்தப் பத்துக் கேள்விகளை அவருக்கு மட்டும் திரும்ப அனுப்பினேன்.

இப்போதும் எங்களுக்குள் சண்டை முற்றினால் அவர் நேரே அப்பச்சியிடம் போய் நிற்பார்.

"மாமா, இந்தப் பட்டியல்ல இருந்து விலகணும்னா எங்குட்டு அமுக்கணும்?"

அப்பச்சி பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொல்வார்: "அந்தப் பட்டனை அவ அன்னைக்கே வைக்கலையே மாப்பிள்ளை."