வளைவைத் தடுத்த வேணாம் நானா

எங்கள் கற்பிட்டிக் கரையில் 'வேணாம்' என்ற ஒரே சொல்லைச் சொல்லித் தேர்தலில் வென்றவர் வேணாம் நானா ஒருவர்தான். நானா என்றால் எங்கள் பக்கத்து முஸ்லிம்களுக்கு அண்ணன். ஆள் கருவாட்டு வியாபாரி. பிரதேச சபைக்கு உறுப்பினராக வந்தார். நான் அங்கே கூட்டக் குறிப்பு எழுதும் கிளார்க்.

முதல் கூட்டத்திலேயே தேநீரோடு வந்த ரோல்ஸ் தட்டைத் தள்ளி வைத்தார். "சனத்துட வரிக்காசுல வாங்கினது. எனக்கு வேணாம்." ஏற்கெனவே கடித்துவிட்ட உறுப்பினர்கள் விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் தவித்தார்கள்.

பிறகு பட்ஜட் வந்தது. ஊர் எல்லையில் பெரிய வரவேற்பு வளைவு, அதற்காக மீன் சந்தை வியாபாரிகளுக்குப் புது வரி என்று சபைத் தலைவரான தவிசாளர் வாசித்தார்.

நானா எழும்பினார். "தலவில வேதக் கோயில் திருநாளுக்குப் போற சனம் வளைவப் பாத்தா போகுது? வளைவு இல்லாட்டி வழி தவறிக் கடலுக்குள்ள எறங்கிருமா?"

"அப்ப அபிவிருத்தி வேணாமா?"

"குப்பைய அள்ளுங்க, தண்ணி ஓடக் கானை வெட்டுங்க, லைட்டப் போடுங்க. அதுக்கு வரி எடுங்க, நானும் கட்டுறன். மிச்சத்த ஒழைச்சவன்ட கையிலயே விடுங்க. அவனுக்குச் செலவழிக்கத் தெரியும்."

தவிசாளர் சிரித்தார். "ஒங்கட ஒழுங்கைக்குக் கொங்கிரீட் போடுறதும் இதுலதான் இரிக்கி, நானா."

மழை பெய்தால், நானாவின் வீட்டுக்குப் போகும் அந்தக் குறுகிய ஒழுங்கையில் தோணி விடலாம். நானா பட்ஜட் தாளைத் தவிசாளர் பக்கம் தள்ளினார்.

"அதையும் பட்ஜட்டுலருந்து வெட்டுங்க. நாலு வீட்டுக்கு ஊரே ஏன் கட்டணும்?"

அதற்குப் பிறகு வளைவுக்குக் கை தூக்க ஒருவருக்கும் முகமில்லை. வளைவும் போனது, வரியும் போனது.

அவர் வீடு சேரமுன் ஒழுங்கை போன செய்தி மனைவி குல்சும் ராத்தாவிடம் சேர்ந்திருந்தது. "சபையிலயே போய்ச் சோறு தின்னுங்க," என்றார் ராத்தா. அந்த வாரம் முழுவதும் என் சோற்றுப் பார்சலில் பாதி நானாவுக்குப் போனது.

மாரி தொடங்கியதும் ஒழுங்கை வாசலில் கிரவல் மண் ஏற்றிய ட்ராக்டர் வந்து நின்றது. பின்னால் மீன் சந்தை ஆட்கள், மண்வெட்டிகளோடு. நானா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்.

"ஆர் அனுப்பின? சபையா?"

"சபைக்கு இதுல என்ன வேல?" என்றார் மீன் விற்கும் மேரி அக்கா. "நாங்க சேந்து போடுறம். நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

நானா தள்ளி நின்றார். ராத்தா எல்லாருக்கும் பிளேன்டீ கொண்டுவந்து, முதல் கோப்பையை அவர் கையில் வைத்தார்.

"பகலைக்குச் சோறு..?" மெதுவாகக் கேட்டார் நானா.

"ஆக்கித்தான் இரிக்கி."

அவர் பேச்சை எழுதி எழுதி என் விரல் மரத்துப் போயிருக்கிறது. ஆனாலும், அவர் வராத கூட்டம் எனக்குக் கூட்டமாகவே தெரிவதில்லை.