அப்பளம் கேட்டால் முழுச் சாப்பாடு

எதையும் நேராகச் சொல்லத் தெரியாத மனிதன் உலகத்திலேயே ஒருத்தன்தான். அவன் எங்கள் ‘உதாரணம்’. அண்ணாமலை நகர் லாட்ஜில் எனக்குப் பக்கத்து அறை. வீட்டில் வைத்த பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. வாடகை ரசீதில்கூட உதாரணம் என்றுதான் எழுதியிருந்தார்கள்.

ஒருமுறை அவனுக்கு வயிறு உப்பிக்கொண்டது. டாக்டரிடம் இழுத்துப் போனேன். “என்ன பண்ணுது?” என்றார் அவர்.

“கடலூர் முதுநகர் ஜங்ஷன்ல ஒரு கூட்ஸ் வண்டி நின்னுடுச்சின்னு வச்சிக்குங்க டாக்டர். பின்னால வர்ற பாசஞ்சர் என்னா ஆவும்?”

நான் தலையில் அடித்துக்கொண்டேன். டாக்டர் மறுபேச்சில்லாமல் மாத்திரை எழுதினார். மறுநாள் காலை கூட்ஸ் கிளம்பிவிட்டது.

இப்பேர்ப்பட்டவன்தான் வெப்சைட் கட்டும் ஃபிரேம்வொர்க் ஒன்றைப் பற்றித் தமிழில் புத்தகம் எழுத உட்கார்ந்தான். “ஃபிரேம்வொர்க்குன்னா என்னாடா?” என்று கேட்டுத் தொலைத்தேன்.

“வீடு கட்டுறவன் சாரத்துக்குன்னு மூங்கில் தோப்பா வைப்பான்? ரெடியா இருக்கிறத வாடகைக்கு எடுப்பான்ல மச்சான், அதான்.”

சத்தியமாகப் புரிந்தது. தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்து, காலேஜில் முதல் வருஷம் முழுக்கப் பேந்தப் பேந்த விழித்தவன் அவன். இன்னொருத்தன் அப்படி விழிக்கக் கூடாது என்று ஒரு வெறி. கம்பெனி வேலை முடிந்ததும் சட்டைகூட மாற்றாமல் எழுத உட்காருவான்.

ஏழாவது அத்தியாயத்தில் வந்தது வினை. திரையில் ஓர் இடம் மாறினால் அதை மட்டும் மாற்று, முழுப் பக்கத்தையும் திரும்ப வரையாதே என்பது அந்த ஃபிரேம்வொர்க்கின் சாமர்த்தியம். இதை விளக்க எங்கள் மெஸ் மாமாவைப் பிடித்துப் போட்டான். மாமாவிடம் ஓர் அப்பளம் கேட்டால் போதும். கூட்டு, பொரியல், சோறு, மீன்குழம்பு, ரசம் என்று எல்லாவற்றையும் முதலிலிருந்து வைத்துவிட்டுத்தான் அப்பளத்துக்கு வருவார். உப்பு கேட்டவனைக் கைத்தாங்கலாக அறைக்குக் கொண்டுவந்த கதையெல்லாம் உண்டு. ‘எங்கள் மெஸ் மாமா மாதிரி செய்யாதீர்கள்’ என்று எழுதி, மாமா பெருமைப்படுவார் என்று நம்பி, மெஸ்ஸிலேயே நின்று சத்தமாகப் படித்தும் காட்டினான் மகராசன்.

மாமா கரண்டியைக் கீழே வைத்தார். “வீட்ட வுட்டு வந்த புள்ளைங்க, கேக்கக் கூச்சப்படும்னு நானா வச்சேன். அதுவா தம்பி தப்பு?”

மறுநாளிலிருந்து அப்பளம் கேட்டால் அப்பளம், உப்பு கேட்டால் உப்பு. லாட்ஜே திரண்டு உதாரணத்தின் கதவைத் தட்டியது. “யோவ், உம் புக்கால எங்க வயிறு காயுது. மாமாவ அதுலேர்ந்து தூக்குய்யா!”

“தூக்கிட்டா படிக்கிறவனுக்குப் புரியாதே மச்சான்,” என்றான் என்னிடம், அழாத குறையாக. “ஆனா மாமா மூஞ்சியப் பாக்க முடியல.” பதிப்பாளரோ போன் மேல் போன். இவன் எழுதவும் இல்லை, மெஸ் பக்கம் போகவும் இல்லை. கேட்டதற்கெல்லாம் நேராகப் பதில் சொன்னான். எனக்குப் பயமே வந்துவிட்டது.

ஒரு மத்தியானம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மெஸ்ஸுக்குள் நுழைந்தான். மாமா எதிரில் நின்று, அத்தியாயத்தின் கடைசியில் புதிதாகச் சேர்த்ததைப் படித்தான்: “இந்த விதி திரைக்கு மட்டும். எதிரில் மனுஷன் உட்கார்ந்திருந்தால் மாமா செய்வதுதான் சரி.”

மாமா துண்டில் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு ஓர் இலையைப் போட்டார். “உக்காரு. என்னா வேணும்?”

“அப்பளம்.”

கூட்டிலிருந்து ஆரம்பித்தார் மாமா.

புத்தகம் வெளிவந்தது. நான் இன்று பெங்களூரில் சோறு தின்பது அந்த ஃபிரேம்வொர்க்கால்தான். அதற்குள் எத்தனையோ புது வெர்ஷன் வந்து புத்தகத்தில் பாதி பழசாகிவிட்டது. உதாரணம் கடலூர் வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகத் திருத்திக்கொண்டிருக்கிறான். போன வாரம் போனில், “எத வேணா மாத்து, மாமாவோட அந்த வரியில கை வச்சிடாதடா,” என்றேன்.

“அத மாத்துவனா மச்சான்?” என்றான்.

அதற்கு மட்டும் உதாரணம் எதுவும் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்திருந்தால் பயலைக் கட்டிப்பிடித்திருப்பேன்.