எல்க்குக்கு மூன்று கொட்டேஷன்

கோட்டை, திருவனந்தபுரம்
ஆடி 20

சிரஞ்சீவி மாப்பிள்ளை வெங்கிடேஷுக்கு மாமனார் ராமசுப்ரமணியன் அநேக ஆசீர்வாதம். இவ்விடம் மாடித் தண்ணீர்த் தொட்டி நீங்கலாக எல்லோரும் க்ஷேமம். கொலராடோவில் நீங்களும், என் பெண் ஸ்மிதாவும், நீங்கள் கொல்லப்போகிற அந்த எல்க் மானும் சௌக்கியம் என்று நம்புகிறேன்.

உங்கள் வாட்ஸப் கிடைத்தது. ஆவணியில் எனக்கு எழுபது வயசு, பீமரத சாந்திக்கு வாருங்கள் என்று கேட்டிருந்தேன். செப்டம்பரில்தான் வில்வேட்டை சீசன், இருக்கிற பன்னிரண்டு நாள் லீவும் அதற்கே சரியாகிவிட்டது என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அதன் கீழே, அமெரிக்காவில் விலை அதிகம், மலிவாகவும் உறுதியாகவும் ஆறு அம்பு முனை அங்கே அடித்து அனுப்ப முடியுமா என்று பதினாலு வரி. நாலு வருஷமாகப் பெண்ணைப் பார்க்காத கிழவனுக்கு இதைவிட என்ன கௌரவம் வேண்டும்? அமாவாசையில் வெங்காயம் நறுக்கினாலே முகம் சுளிக்கிற உங்கள் அம்மாவுக்கு இந்த வேட்டை தெரியுமா என்று நான் கேட்கவில்லை. தெரியாது என்று எனக்குத் தெரியும்.

முப்பத்தாறு வருஷம் தணிக்கை அலுவலகத்தில் இருந்தவன் நான். மூன்று கொட்டேஷன் இல்லாமல் குண்டூசி கூட வாங்கியதில்லை. ஆரியசாலையில் மூன்று கடை ஏறினேன். விரியும் அலகா, விரியாத அலகா, எலும்பில் பட்டால் வளையுமா, மழுங்கினால் தீட்டலாமா என்று நீங்கள் எழுதியதை அப்படியே வாசித்துக் காட்டினேன். முதல் கடைக்காரர் டீ வாங்கிக் கொடுத்து, வீட்டிலிருந்து யாராவது கூட வந்திருக்கிறார்களா என்று விசாரித்தார். இரண்டாவது கடையில் தகரத்தில் ஒன்று வெட்டித் தந்தார்கள், படுமலிவு. மூன்றாவது, இரும்புக்கடை சிவதாணு.

"சாமி, மிருகம் எம்புட்டு பெருசு இருக்கும்?"

"காட்டுல மிளா மான் தெரியுமோன்னோ? அதைப்போல ஒண்ணரைப் பங்கு."

"அப்பம் விரியுத சமாச்சாரமே வேண்டாம். அதுல ஆணி போச்சுன்னா எல்லாம் போச்சு. லாரி ஸ்பிரிங் பட்டையில ஒத்தையா அடிச்சுத் தாரேன், ஆயுசுக்கும் தீட்டிக்கிடலாம். சாமியா தின்னப் போறிய?"

மாதிரிக்கு ஒன்று அடிக்கச் சொல்லி, நான் ரசீது கேட்டேன்.

மாதிரியைச் சோதிக்காமல் பில் பாஸ் பண்ணுகிற வழக்கமும் எனக்குக் கிடையாது. நமக்குத் தெரிந்த வேட்டை கோயில் பள்ளிவேட்டை ஒன்றுதான். இளநீரின் மேல் அம்பு விட்டால் வேட்டை முடிந்தது, எல்லோரும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவோம். அந்த முறைப்படி மாடியில் ஓர் இளநீரை நிறுத்தினேன். வில் இல்லாததால் முனையை மாங்காய் பறிக்கிற துறட்டியில் கட்டி, நானும் சிவதாணுவும் ஓடிவந்து குத்தினோம். தகரம் சுருண்டது. சிவதாணுவின் முனை இளநீரைத் துளைத்து, பின்னாலிருந்த ஆயிரம் லிட்டர் தொட்டியையும் துளைத்தது. முனைக்கு ஒரு கீறல் இல்லை. வெள்ளம் படியிறங்கிப் போய், கூடத்தில் விசிறிக்கடியில் காய்ந்துகொண்டிருந்த அப்பளத்தையெல்லாம் அள்ளிக்கொண்டு போனது.

"ஏன்னா, அங்கே அவர் மானைக் கொல்றார், இங்கே நீங்க தொட்டியைக் கொல்றேளா? ரெண்டு பேருக்கும் ஒரே பைத்தியம், கேட்டேளா!" என்றாள் உங்கள் மாமியார் சூடாமணி.

சிவதாணு ஆறையும் அடித்துத் தந்ததும் பார்சல் கட்டி எடுத்துப் போனேன். தம்பானூர் கூரியர் ஆபீஸில் அனூப் என்ற கிளார்க், "சாரே, இது எந்தா சாதனம்?" என்றார். மான் கொல்ல என்றேன். மான் எங்கே என்றார். அமெரிக்காவில் என்றேன். அவர் மேனேஜரைக் கூப்பிட்டார், மேனேஜர் என் ஆதாரைக் கேட்டார். பார்சல் என்னோடு வீடு திரும்பியது.

நேராகவே சொல்கிறேன், மாப்பிள்ளை. எல்க் வருஷா வருஷம் வரும், எனக்கு எழுபது திரும்ப வராது. நீங்கள் இரண்டு பேரும் இல்லாமல் மணையில் உட்கார மனசு வரவில்லை. ஆனாலும் சாந்தி ஆவணியில், குறித்த நாளில்தான். எல்க்குக்காக சாஸ்திரத்தை மாற்ற முடியாது. உங்கள் இலையில் சிவதாணுவை உட்கார வைத்துக்கொள்கிறேன்.

உங்களுக்கும் ஸ்மிதாவுக்கும், இரு தரப்பையும் யோசித்து அந்த எல்க்குக்கும், தீர்க்காயுசு உண்டாகட்டும்.

இப்படிக்கு,
ராமசுப்ரமணியன்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் ஜோசியரைப் பார்த்துவிட்டு வந்தேன். நாலு தடவை கேட்டதில் ஐப்பசியிலும் நாள் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். அப்போது உங்கள் சீசன் முடிந்திருக்கும், இங்கே பள்ளிவேட்டையும் வரும். லீவு இல்லையென்றால் சம்பளமில்லா லீவு போடுங்கள், டிக்கெட் என் செலவு. முனை ஆறும் என் பீரோவில் இருக்கின்றன, நேரில் வந்து வாங்கிக்கொள்ளவும். வரும்போது ஒரு வில் கொண்டு வாருங்கள். சிவதாணுவும் நானும் எத்தனை நாள்தான் துறட்டியை வைத்துக் குத்திக்கொண்டிருப்பது? புதுத் தொட்டியைத் தள்ளி வைத்தாகிவிட்டது.