கிட்டாரில் ஒட்டிய அம்பு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒருவர் மனமுவந்து என் மகளுக்குக் கொடுத்த பரிசில், அவர் வீட்டிலேயே உட்கார்ந்து, அவர் போட்ட காபியைக் குடித்துக்கொண்டே, குறை கண்டுபிடித்து ஸ்டிக்கர் ஒட்டியவன் நான். இதைப் படித்துவிட்டு நீங்கள் என்னைப் பற்றி என்ன நினைத்தாலும், என் மனைவி கோமதி ஏற்கெனவே நினைத்து முடித்ததைவிட அது மோசமாக இருக்க வாய்ப்பில்லை.

என் தொழிலைச் சொன்னால் கொஞ்சம் புரியும். மன்னிக்கத் தோன்றாது, புரியும். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் நான் தரக் கட்டுப்பாட்டு மேலாளர். கப்பலேறப் போகும் டி-ஷர்ட்டை மேசையில் விரித்து, கழுத்து, தோள், இடுப்பு என்று டேப் பிடித்து அளந்து, தையல் பிசகோ எண்ணெய்க் கறையோ நூல் பிசிறோ எங்கே இருக்கிறதோ அங்கே ஒரு சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டவேண்டும். அம்பு ஒட்டினால் பீஸ் திரும்பிப் போகும். சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, அம்பு ஸ்டிக்கர் தாள் இருக்கும். வருடக்கணக்கில் இதையே செய்ததில், எதைப் பார்த்தாலும் அதன் குறைதான் முதலில் என்னை வரவேற்கிறது. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் காலர் தையலைப் பார்ப்பேன். (முகத்தைப் பார்க்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.) நிறையப் படிக்கிற ஆள் என்று வெளியில் எனக்கு ஒரு பெயர் உண்டு. அச்சுப்பிழை பார்க்கத்தான் படிக்கிறார் என்பது வீட்டார் அபிப்பிராயம்.

என் மகள் ஆதிரை பிளஸ் ஒன் படிக்கிறாள். பக்கத்து ஊரான மங்கலத்தில் ஸ்டெல்லா மிஸ்ஸிடம் கிட்டார் கற்றுக்கொள்கிறாள். பிக் என்கிற பிளாஸ்டிக் வில்லையைக் கையில் பிடித்துக்கொண்டு மொத்தக் கம்பிகளையும் ஒரே இழுப்பாக இழுக்கும் வாசிப்பு அல்ல அவளுடையது. கட்டைவிரல் ஒரு பக்கம் தாளம் போட, மற்ற விரல்கள் தனித்தனியாகக் கம்பியைக் கிள்ளிப் பாட்டை எடுக்கும் வாசிப்பு. ஃபிங்கர்ஸ்டைல் என்கிறார்கள். கேட்டால் இரண்டு பேர் வாசிப்பதுபோல் இருக்கும். ஆனால் அவளிடம் இருந்தது என் மைத்துனர் மகன் பெங்களூருக்கு வேலைக்குப் போகும்போது விட்டுப்போன பெரிய கிட்டார். அதை மடியில் வைத்தால் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு பிள்ளை எட்டிப் பார்ப்பதுபோல் இருக்கும். வலது கையை அதன்மேல் போட்டுக் கம்பியை எட்டுவதற்குள் தோள் காதுக்கு ஏறிவிடும்.

ஒருநாள் ஸ்டெல்லா மிஸ் என்னை நிறுத்திச் சொன்னார். "சார், கோயமுத்தூர் புரோகிராம்ல பாப்பாவத் தனியா வாசிக்க வெக்கலாம்னு இருக்கேனுங்க. ஆனா இந்தக் கிட்டார்ல வேண்டாம். தோளு போயிரும். ஒடம்பு சின்னதா இருக்கறது ஒண்ணு பாருங்க. கெடைக்கலீன்னா இந்த வருசம் மேடை வேண்டாங்க."

ஆதிரை அன்று ராத்திரி சாப்பிடவில்லை. மேடை என்ற சொல்லை அவள் எவ்வளவு நாளாக உள்ளுக்குள் வைத்திருந்தாள் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

உடனே நான் களத்தில் இறங்கினேன். (இறங்காமல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இல்லை.) இணையத்தில் படித்தேன். கிட்டாருக்கும் கழுத்து, தோள், இடுப்பு எல்லாம் உண்டு என்று தெரிந்ததும் எனக்கு ஏற்பட்ட தைரியத்தை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. இது என் துறை என்றே முடிவுகட்டிவிட்டேன். மெஷர்மெண்ட் சார்ட் ஒன்று தயார் செய்து, கோவையில் ஒரு கடைக்கு ஆதிரையைக் கூட்டிப்போய், மாட்டியிருந்த ஒவ்வொரு கிட்டாரையும் இறக்கச் சொல்லி டேப் பிடித்தேன். கடைக்காரர் வெகுநேரம் பொறுமையாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஏனுங்க சார், உறை தைக்கறீங்களா?"

ஆதிரை அதற்குள் டிரம்ஸ் பக்கம் போய் வேறு யாருடைய மகளோபோல் நின்றுகொண்டிருந்தாள். அங்கே இருந்த சின்ன கிட்டார்களை வாசித்தும் பார்த்தாள். ஒன்று பிஸ்கட் டப்பாபோல் சத்தம் போட்டது. ஒன்றில் கம்பிகள் நெருக்கமாக இருந்து விரல் விரலோடு முட்டியது. எதுவும் பிடிக்காமல் திரும்பினோம்.

அடுத்த வாரம் ஸ்டெல்லா மிஸ்ஸே போன் செய்தார். தன்னிடம் பழைய சின்ன கிட்டார் ஒன்று இருக்கிறது, ஆதிரை வாசித்துப் பார்த்தாள், அவளுக்கு அமைந்துவிட்டது, கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன் என்றார். "வெல கில பேசாதீங்க சார். பாப்பா வாசிக்கோணும், அவ்வளவுதானுங்க."

ஒரு சாதாரண மனிதனுக்கு இந்த இடத்தில் கண் கலங்கியிருக்கும். எனக்குச் சந்தேகம் வந்தது. காரணம் ஊர். திருப்பூரில் சும்மா வருவதென்றால் அது ஏற்றுமதியில் கழிந்த பீஸ். என் சொந்தக்காரர்களுக்குத் தீபாவளிக்கு நான் கொடுப்பதெல்லாம் அந்த வகைதான். போட்டுப் பார்த்தால் ஒரு கை நீளமாக இருக்கும். அவர்களும் தெரிந்தேதான் வாங்கிக்கொள்வார்கள். ஆக, சும்மா வருகிற கிட்டாரில் எங்கேயோ ஒரு குறை இருந்தே தீரவேண்டும்.

"ஒரு ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் பண்ணிட்டு எடுத்துக்கலாம்" என்றேன்.

"அப்பா, நான் வாசிச்சுப் பாத்துட்டேன்ப்பா" என்றாள் ஆதிரை.

"வாசிக்கறது வேற, செக் பண்றது வேற கண்ணு."

இந்த வாக்கியத்தை இன்றைக்கும் வீட்டில் யாராவது எதையாவது ருசி பார்க்கும்போது எடுத்து என்மேல் எறிகிறார்கள்.

சனிக்கிழமை மதியம் மங்கலம் போனோம். அவர் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் வரிசையாக விசைத்தறிக்கூடங்கள். தறிச் சத்தத்தில் நாம் பேசுவது நமக்கே அரைகுறையாகத்தான் கேட்கும். ஸ்டெல்லா மிஸ் கிட்டாரைக் கொண்டுவந்து கட்டிலில் வைத்தார். தேன் நிறம். கைக்குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கலாம், அவ்வளவு சின்னது.

"அரக்குப் பாலிஷுங்க சார். பழைய முறை. சூடு, ஸ்பிரிட்டு எதுவும் மேல படக் கூடாது" என்றார். சட்டைக்குள் தைத்திருக்கும் சலவைக் குறிப்பை அவரே வாய்விட்டுப் படித்துக் காட்டியதற்குச் சமம் அது. நான்தான் அந்த நேரத்தில் காபியின் நுரையில் குறை பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உறை மாடில கெடக்குது. வா கண்ணு, தேடி எடுத்துட்டு வந்தர்லாம்" என்று ஆதிரையை அழைத்துக்கொண்டு மேலே போனார்.

கூடத்தில் நானும் கிட்டாரும் தனியாக. என் கை என்னைக் கேட்காமலேயே சட்டைப் பைக்குள் போனது. கம்பிகளுக்குக் கீழே நகக் கீறல்கள்: ஒரு அம்பு. பின்பக்கம் பொத்தான் உரசிய தழும்பு: ஒரு அம்பு. ஓரத்தில் ஒரு சிறு பள்ளம்: அம்பு. ஸ்டெல்லா மிஸ்ஸின் முழங்கை வருடக்கணக்காகப் பட்டுப்பட்டு மங்கிய இடம் பெரிதாக இருந்தது. அதற்கு இரண்டு அம்பு. கம்பியைத் தட்டிப் பார்த்தேன். தறிச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. ‘ஒலி குறைவு’ என்று மனதில் குறித்துக்கொண்டேன். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, வேலையைச் சுத்தமாக முடித்தவனின் திருப்தியோடு மிச்சக் காபியைக் குடித்தேன்.

அப்போதுதான் ஸ்டெல்லா மிஸ்ஸின் கணவர் ஜெபராஜ் வேலை முடிந்து உள்ளே வந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். கட்டிலைப் பார்த்தார். அம்புகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"என்ன சார், லாட்டு ஃபெயிலா?"

"இல்லீங்க, சும்மா ஒரு பார்வை..."

"அவ பாத்தான்னா ஒரு பார்வை பார்ப்பா சார், தாங்க மாட்டிய. வெரசாப் பிச்சு எடுங்க" என்று சொல்லிவிட்டுக் கால் கழுவப் பின்பக்கம் போனார்.

பிய்த்தேன். ஸ்டிக்கர் வந்தது. பசை வரவில்லை. மதிய வெக்கைக்கு அது இளகி, அம்பு இருந்த இடத்திலெல்லாம் அம்பு வடிவத்தில் பிசுபிசுப்பு. முழங்கைப் பக்கம் இருந்த ஓர் அம்பு மட்டும் ஸ்டிக்கராகவே வர மறுத்தது. மாடியில் காலடிச் சத்தம் கேட்பதுபோல் இருந்தது. இந்த நேரத்தில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. சட்டையில் கறையென்றால் என்ன செய்வோம்? என் வண்டியில் எப்போதும் கறை நீக்கும் திரவம் ஒரு பாட்டிலும், துடைக்கப் பனியன் வேஸ்ட் துணியும் இருக்கும். ஓடிப்போய் எடுத்து வந்தேன். துணியை நனைத்து, வராத அம்பைச் சுற்றி அழுத்தித் துடைத்தேன்.

பசை போனது. கூடவே பாலிஷும் கிளம்பியது. வெள்ளைத் துணியில் தேன் நிறம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இன்னும் அழுத்தித் துடைத்தேன் என்பதை எப்படி விளக்குவதென்று எனக்குத் தெரியவில்லை. பயத்தில் கை நிற்காது போலிருக்கிறது. மரம் வெளுத்துப் பால் ஏடுபோல் ஆகி, அதன்மேல் பனியன் பஞ்சு ஒட்டிக்கொண்டு மீசை முளைத்ததுபோல் நின்றது. கடைசியாக அந்த ஸ்டிக்கரும் இளகிக் கையோடு வந்தது. அதனடியில் மட்டும் பழைய பாலிஷ் பத்திரமாக இருந்தது. வெளுத்த மரத்தின் நடுவே, தேன் நிறத்தில், மினுமினுவென்று ஓர் அம்பு.

அந்த நிமிடம் பார்த்துக் கரண்ட் போனது. தறிகள் எல்லாம் ஒரே மூச்சில் நின்றன. ஆதிரையும் ஸ்டெல்லா மிஸ்ஸும் படியிறங்கி வந்தார்கள். நான் துணியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு எழுந்து நின்றேன். கரண்ட் போன கூடத்தின் அரையிருட்டில் ஆதிரை எதையும் கவனிக்கவில்லை. கிட்டாரை எடுத்து மடியில் வைத்து வாசிக்க ஆரம்பித்தாள்.

தறி நின்ற அமைதியில் அந்தச் சின்னப் பெட்டிக்குள்ளிருந்து சத்தம் வந்தது. தொட்டாலே பேசியது. மெல்லத் தொட்டால் மெல்ல, கொஞ்சம் அழுத்தினால் கொஞ்சம் அதிகமாக. அவள் தோள் ஏறவில்லை, முகம் சுளிக்கவில்லை. நான் ‘ஒலி குறைவு’ என்று குறித்துவைத்த அதே கிட்டார். கையில் ஈரத் துணியோடு சுவரில் சாய்ந்தபடி, என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பொருளில் குறை தேடாமல் நின்றேன். நேரம் தப்பி நின்றேன்.

பாட்டு பாதியில் நின்றது.

"அப்பா, கை ஒட்டுது."

கையைத் தூக்கினாள். ‘சப்’பென்று ஒரு சத்தம். முழங்கையெல்லாம் அரக்கும் பஞ்சும்.

ஸ்டெல்லா மிஸ் கிட்டாரை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"என்னங்க சார் போட்டீங்க?"

"கறை எடுக்கறதுங்க."

"எதுக்குங்க?"

"ஸ்டிக்கர் பசை போறதுக்கு."

"ஸ்டிக்கர் எதுக்குங்க?"

"கொறை எங்கெங்க இருக்குன்னு காட்டறதுக்குங்க."

"யாருக்குங்க?"

ஜெபராஜ் ஈரக் காலோடு வாசற்படியில் நின்று மேற்கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

ஆதிரைதான் பேசினாள். என்னைப் பார்க்காமல் பேசினாள். "மிஸ், நான் இந்த வருசம் வாசிக்கலீங்க மிஸ். பெரிய கிட்டார்லயே பழகிக்கறேன்."

என் மகள் எனக்காக மேடையை விட்டுக்கொடுத்தாள். நான் அம்பு ஒட்டிய எத்தனையோ பீஸ்களைத் தைத்தவர்கள் முன்னால் நின்றிருக்கிறேன். அன்றுதான் அந்தப் பக்கம் நின்று பார்த்தேன்.

ஸ்டெல்லா மிஸ் பஞ்சை நகத்தால் ஒவ்வொன்றாக எடுத்தார். கம்பியை ஒருதரம் மீட்டிக் கேட்டார். "பாலிஷ்தான் போச்சு கண்ணு, சத்தம் போகலே. எடுத்துட்டுப் போ. காய வெச்சு அடுத்த வாரம் கொண்டா." பிறகு என் பக்கம் திரும்பினார். "சார், இனி நீங்க வண்டியிலயே இருந்துக்கங்க."

அன்றிலிருந்து வகுப்பு முடியும்வரை நான் வண்டியிலேயே இருக்கிறேன். காபி மட்டும் வரும். கொண்டுவருகிற ஜெபராஜ் ஒவ்வொரு தடவையும் குனிந்து, "டம்ளர் விளிம்புல ஒரு கீறல் இருக்கு சார், பாத்துக்கிடுங்க" என்பார். அவர் முகத்தில் ஒரு சிரிப்பும் இருக்காது.

கோவையில் ஆதிரை தனியாக மேடையேறி வாசித்தாள். மறுபடி பாலிஷ் போடாமல் அந்த அம்பை அப்படியே விட்டுவிட அவள்தான் சொல்லியிருந்தாள். விளக்கு பட்டதும் அது மினுங்கியது. பக்கத்து நாற்காலிக்காரர் என்னிடம் சாய்ந்து, "அந்த அம்பு கம்பெனி மார்க்குங்களா?" என்று கேட்டார். ஆமாங்க என்றேன்.

திரும்பும் வழியில் ஆதிரை கிட்டாரைக் கட்டிக்கொண்டு பின்சீட்டில் தூங்கிவிட்டாள். "ஒரு கொறை சொல்ல முடியாது, இல்லையா" என்றேன் கோமதியிடம். அவிநாசி வந்ததும் அவள் கேட்டாள்.

"ஏனுங்க, என்னையப் பொண்ணு பாக்க வந்தப்ப நீங்க இந்த வேலைல இருந்தீங்களா?"

"இல்லையே. அதுக்கப்பறம்தான் சேந்தேன்."

"அதான் கல்யாணம் நடந்திருக்குது" என்றாள்.