நான் நாற்காலியை விட்டு எழுந்த விவரம்

மதிப்பும் பாசமும் நிறைந்த அண்ணனுக்கு, தம்பி எழுதிக்கொள்வது.

இங்கு நானும் உங்கள் தம்பி மனைவியும் நலம். இந்த இடத்தில் எல்லோரும் இன்னார் அருளால் நலம் என்று ஒரு வார்த்தை சேர்ப்பார்கள். சுதந்திர சிந்தனையாளன் என்ற முறையில் எனக்கு அந்த வசதி இல்லாததால், காலை ஒன்று மாலை ஒன்று ரத்தக்கொதிப்பு மாத்திரையின் துணையால் நலம் என்று எழுதுகிறேன். அண்ணன், அண்ணி, பேரப்பிள்ளைகள் நலமறிய ஆவல்.

போன கடிதத்தில் அண்ணன் எங்கள் மன்றத்தைப் பற்றி, “வேலை வெட்டி இல்லாத பதினேழு பேர் லாண்டரி மாடியில் உட்கார்ந்து உலகத்தைத் துவைத்துக் காயப்போடுகிறீர்கள்” என்று எழுதியிருந்தீர்கள். படித்துவிட்டு இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எடை அளவு ஆய்வாளராக முப்பத்தொரு வருஷம் கடை கடையாய் ஏறித் தராசைச் சோதித்தவன் நான். ஓய்வு பெற்றபின் மூலையில் முடங்காமல் சுதந்திர சிந்தனையாளர் மன்றம் என்று ஒன்றை ஆரம்பித்து, இருபத்திரண்டு வருஷமாகச் செயலாளராகவும் இருந்துவந்தேன். இருந்துவந்தேன் என்பதை அண்ணன் கவனிக்க வேண்டும். விவரம் கீழே வருகிறது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் எழுதுகிறேன்.

சென்ற ஞாயிறு மாலை நான்கு மணிக்கு மாதக் கூட்டம். தலைப்பு, ‘மாறிவரும் உலகில் போர், அமைதி, ஜனநாயகம்’. நான் ஒன்பது பக்கத்தில் ஒரு கட்டுரை தயார்செய்து, கடைசியில் உலகத்தின் எல்லா அரசாங்கங்களுக்கும் அனுப்ப வேண்டிய தீர்மானம் ஒன்றையும் சேர்த்திருந்தேன். ஆனால் மூத்த உறுப்பினர் என்று மரியாதைக்காகப் பல் டாக்டரை முதலில் பேசச் சொன்னதுதான் நான் செய்த தப்பு. நாள் முழுக்க அடுத்தவர் வாயைத் திறக்கச் சொல்லியே பழகியவர், தன் வாயைத் திறந்தால் மூடத் தெரியாது. சில சமயம் அடித்தால்தான் அடங்குவார்கள், பலமில்லாத அமைதி அமைதியே இல்லை என்று நாற்பது நிமிஷம் பேசினார். பேச்சுக்கு நடுவே சுவரில் இருக்கிற உலகப் படத்தில் ஒரு நாட்டை ஸ்கேலால் தட்டிக் காட்டினார். உடனே ஓய்வு பெற்ற பூகோள வாத்தியார் எழுந்து, அந்த நாடே இப்போது இல்லை, உடைந்து நாலாகி வெகுகாலம் ஆகிறது, இல்லாத நாட்டோடு டாக்டர் எப்படிச் சண்டைக்குப் போவார் என்று கேட்டார். வாத்தியார் எங்கள் மன்றத்திலேயே தீவிரமான சமாதானவாதி, எறும்பைக்கூட ஊதித்தான் தள்ளுவார், ஆனால் கோபம் வந்தால் மனுஷனைப் பிடிக்க முடியாது. படத்தைக் கழற்றி பென்சிலால் எல்லையைத் திருத்தப் போறேன்னு அவர் ஒரு பக்கம் பிடிக்க, மன்றத்துச் சொத்தில் கை வைக்காதேன்னு டாக்டர் மறுபக்கம் பிடிக்க, படம் நடுக்கடலில் சரியாக இரண்டாகக் கிழிஞ்சுபோச்சு. கிழக்கு டாக்டர் கையில், மேற்கு வாத்தியார் கையில். கீழே லாண்டரியிலிருந்து வந்த நீராவியில் எல்லாருக்கும் வேர்த்துக் கொட்டுது, நான் மேஜையைத் தட்டுறேன், ஒருத்தரும் காதில் போட்டுக்கல.

அப்போதுதான் பின்வரிசையில் தையல்காரம்மா எழுந்தாங்க. அவங்களைப் பத்தி அண்ணனுக்கு எழுதினதில்லை. தங்கள் நாட்டில் சண்டை மூண்டு, ரெண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு இங்கே வந்து சேர்ந்தவங்க. கடைத்தெருவில் ஒத்தை மெஷின் போட்டுப் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறாங்க. மன்றத்தில் சேர்ந்து ஒரு வருஷம் ஆகுது, ஒரு நாளும் வாயைத் திறந்ததில்லை. அவங்க மெல்லிசாத்தான் பேசினாங்க, ஆனா அறை அடங்கிப்போச்சு. எங்க நாட்டுத் தலைவரும் நல்ல மனுஷன்தான், முதல் தடவை ஓட்டுப் போட்டு ஜெயிக்க வச்சோம், ரெண்டாவது தடவை கைதட்டி ஜெயிக்க வச்சோம், மூணாவது தடவை எப்படியும் அவர்தானே, எதுக்கு வீண் தேர்தல்னு நாங்களே விட்டுட்டோம் என்றார்கள். பிறகு அவர் சண்டைக்குப் போகலாம்னு முடிவு பண்ணப்போ, வேண்டாம்னு சொல்ல ஒரு வழியும் மிச்சமில்லையாம். வீட்டுக்காரரை அதில்தான் இழந்திருக்காங்க. அதையும் தையல் கணக்குச் சொல்ற மாதிரிதான் சொன்னாங்க. சொல்லிட்டு என்னைப் பார்த்தாங்க.

“ஐயா, நம்ம மன்றத்துல கடைசியா எப்ப தேர்தல் நடந்துச்சு?”

அண்ணே, மனசைத் திறந்து எழுதுறேன், எனக்குச் சுரீர்னு கோபம் வந்துச்சு. இடம் கொடுத்தவனையே கேள்வி கேக்கிறதான்னு ஒரு நினைப்பு. நடவடிக்கைப் புத்தகத்தைப் புரட்டினேன். வருஷா வருஷம் ‘ஏகமனதாக’ன்னு என் கையெழுத்திலேயே இருக்கு. கடைசி ஆறு வருஷத்துக்கு அந்த வார்த்தைகூட இல்லை, நான் எழுத மறந்திருக்கேன், கேக்கவும் ஒருத்தருக்கும் தோணல. உடனே நான் விதி பதினாலைத் தூக்கிப் பிடிச்சேன். தேர்தலுக்கு இருபத்தொரு நாள் முன்னறிவிப்பு கொடுக்கணும். அப்போ உங்க தம்பி பொண்டாட்டி, மூணாம் நம்பர் உறுப்பினர், பையிலிருந்து கண்ணாடியை எடுத்து நிதானமாத் துடைச்சு மாட்டிக்கிட்டு, “அந்த விதியை எழுதினது நீங்கதானே. பேனா உங்க சட்டைப் பையிலதானே இருக்கு, அடிச்சிருங்க” என்றாள்.

அடிச்சேன். அதுக்கப்புறம் நடந்தது எல்லாம் மளமளன்னு நடந்துச்சு. எனக்கு எதிரா நிக்க ஆள் இல்லை. கேட்ட தையல்காரம்மாவே நிக்கட்டும்னு வாத்தியார் சொல்ல, அவங்க வேண்டாம் வேண்டாம்னு கையை ஆட்ட, ஒருத்தராவது நிக்காட்டி இதுக்குப் பேர் தேர்தல் இல்லைம்மான்னு நானே சொன்னேன். ஆமாம், நானேதான் சொன்னேன், இதை அண்ணன் அடிக்கோடு போட்டுக்கலாம். ஓட்டுச் சீட்டுக்குப் பேப்பர் இல்லை. வாசிக்கப்படாத என் ஒன்பது பக்கத்தையும் அந்தம்மா கைப்பையில் இருந்த கத்தரிக்கோலால் வாத்தியார் சின்னச் சின்னதா வெட்டினார். அவசரத்தில் விரலையும் கொஞ்சம் வெட்டிக்கிட்டார். அன்னைக்குச் சிந்தின ரத்தம் மொத்தமும் அவ்வளவுதான். பெட்டிக்கு லாண்டரிக்காரர் சோப்புத்தூள் வாளியைக் கழுவிக் கொடுத்தார். எண்ணுற பொறுப்பு டாக்டருக்கும் வாத்தியாருக்கும். ஒருத்தரை ஒருத்தர் நம்பாததால் ஒவ்வொரு சீட்டையும் நாலு தடவை திருப்பிப் பார்த்தாங்க. என் உத்தியோக வாழ்க்கையில் இவ்வளவு சுத்தமான எண்ணிக்கையை நான் கண்டதில்லை.

தையல்காரம்மா ஒன்பது. நான் எட்டு.

நான் எனக்கேதான் போட்டுக்கிட்டேன், அதில் ஒளிக்க ஒண்ணுமில்லை. உங்க தம்பி பொண்டாட்டி யாருக்குப் போட்டாள்னு இன்னிவரைக்கும் நான் கேக்கல, அவளும் சொல்லல. முப்பத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் ரகசிய வாக்கெடுப்புன்னா என்னன்னு இப்பத்தான் விளங்குது.

ஒரு நிமிஷம் எல்லாரும் என் மூஞ்சியையே பார்த்தாங்க. எழுந்தேன் அண்ணே. நடவடிக்கைப் புத்தகம், ரப்பர் ஸ்டாம்பு, மை டப்பா மூணையும் அந்தம்மா கையில் கொடுத்து, உக்காருங்கம்மான்னு நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவங்க உக்காரல.

“எங்க நாட்டுல ஒருத்தர் தானா எழுந்து இன்னொருத்தருக்கு இடம் விட்டதை நான் பார்த்ததே இல்லைங்கய்யா. கொஞ்ச நேரம் நின்னு பார்த்துக்கிறேன்.”

நின்னுக்கிட்டே அந்தக் காலி நாற்காலியைப் பார்த்தாங்க. பதினாறு பேரும் கூடவே பார்த்தோம். டாக்டர்தான் முதலில் கைதட்டினார், கிழக்குப் பாதியைக் கக்கத்தில் இடுக்கிக்கிட்டு.

அண்ணே, உலகத்தில் எத்தனை பெரிய பெரிய ஆட்கள் சேனையும் கோட்டையும் வச்சுக்கிட்டு எழுந்திருக்க மாட்டேங்கிறாங்க. உங்க தம்பி ஒரு மாடி அறையில், கேள்வி கேட்ட நாற்பது நிமிஷத்தில், யாரும் கையைப் பிடிச்சு இழுக்காம எழுந்திருக்கான். ராத்திரி படுத்தா அதை நினைச்சு நினைச்சுத் தூக்கம் வரல, அவ்வளவு பெருமையா இருக்கு. உலகத்தைத் துவைக்கிறோம்னு எழுதினீங்களே, வாபஸ் வாங்கிக்கணும். பேரப்பிள்ளைகளை உக்காரவச்சு இந்தக் கடிதத்தைச் சத்தமா வாசிச்சுக் காட்டணும்.

அண்ணனுக்கும் அண்ணிக்கும் என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம் அனுப்ப என் கொள்கை இடம் தராததால், முத்தங்கள் அனுப்புகிறேன்; அவை கண்ணால் காணக்கூடியவை.

இப்படிக்கு,
பாசமுள்ள தம்பி
(முன்னாள் செயலாளர்)

பின்குறிப்பு: இதை எழுதி முடித்து, ஸ்டாம்பு ஒட்டத் தபால் நிலையம் போன இடத்தில் டாக்டரைச் சந்தித்தேன். புதுச் செயலாளர் ஆளுக்கு ஏழு நிமிஷம்தான் பேச்சு என்று உத்தரவு போட்டுவிட்டாராம், மனுஷன் கொதித்துப்போயிருக்கிறார். ஆகவே நாங்கள் இருவரும் அங்கேயே நின்று அசல் சுதந்திர சிந்தனையாளர் மன்றத்தை ஆரம்பித்துவிட்டோம். அவர் நிரந்தரத் தலைவர், நான் நிரந்தரச் செயலாளர். பதிவு செய்ய மூன்றாவதாக ஒரு பெயர் வேண்டும் என்கிறார்கள். படிவம் இணைத்திருக்கிறேன், அண்ணன் பெருக்கல் குறி போட்ட இடத்தில் கையெழுத்திட்டு அனுப்பவும். கூட்டத்துக்கு வந்து சிரமப்பட வேண்டாம். வந்தால் அண்ணன் பேசுவீர்கள், பேசினால் கருத்து வேறுபாடு வரும்.