ஜன்னல் சண்டையும் இரண்டு வகைத் தண்ணீரும்

மாட்சிமை பொருந்திய அத்தான் அவர்களுக்கு,

அடக்கம் என்பதே இல்லாத கொழுந்தியாள் அடக்கத்தோடு எழுதிக்கொள்வது. நான் நலம். பதினோரு நாளாக என் வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்திருக்கும் உங்கள் மனைவியும் நலம். போன் பண்ணினால் "ம்" என்ற ஒரே எழுத்தில் பேச்சை முடிக்கிறீர்கள், அதனால்தான் கடிதம். அக்காவுக்கு இது தெரியாது. தெரிந்தால் என் தலை இருக்காது.

படுக்கும்போது ஜன்னலைத் திறக்கணும்னு நீங்க, மூடணும்னு அவ. இதுக்குப் போய் ஒரு பிரிவா அத்தான்? சரி, ஒரு கதை கேளுங்க. நான் கண்ணாடிச் சாமான் கழுவுற ஆராய்ச்சிக்கூடத்துல ஒரு மேடம், தண்ணி ஆவியை ஏதோ வாயுவோட கலந்து உறைய வச்சு, தண்ணியை அதுக்குள்ள சிறை வைக்கிறாங்க. அந்தக் குளிருக்கு முன்னாடி நம்ம வீட்டு ஃபிரிட்ஜ் அடுப்பு மாதிரி. தண்ணியை உடைச்சு உடைச்சுக் கடைசித் துணுக்குக்குப் போனா அதுல ரெண்டு ஹைட்ரஜன் இருக்காம், ஒவ்வொண்ணுக்கும் நடுவுல ஒரு பம்பரம். ரெண்டு பம்பரமும் ஒரே பக்கம் சுத்தினா ஒரு வகைத் தண்ணி, எதிரெதிரா சுத்தினா இன்னொரு வகை. குளிர்ல சும்மா விட்டா எல்லாம் மெதுவா எதிரெதிர் வகைக்கு மாறிடும், அதுக்கு அதுதான் நிம்மதின்னு மேடம் சொன்னாங்க. உங்க ரெண்டு பேரையும் நெனச்சு விழுந்து விழுந்து சிரிச்சேன். ஆனா மாறி முடிய அரைநாள் ஆகும். செவ்வாய்க்கிழமை வாயுக் குழாயைத் துடைச்சு மாட்டினது நான். அந்த நேரம் பார்த்து அக்கா போன்ல உங்களைத் திட்ட, நான் "ஆமாங்கா, ஆமாங்கா"ன்னு கேட்டுக்கிட்டே நட்டை ஒரு சுத்து குறைச்சு முடுக்கிட்டேன். வெளிக்காத்து உள்ளே போயிடுச்சு. கம்ப்யூட்டர்ல ஒரே பக்க வகைக்குன்னு உசரமா நின்ன கோடு மேடம் டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள குட்டையாச்சு, பக்கத்துல எதிரெதிர் வகைக்குன்னு இருந்த குட்டைக் கோடு நெட்டையாச்சு. "யாரு இந்த நட்டை மாட்டினது?" வேலை போச்சுன்னே நெனச்சேன். "நான்தான் மேடம். காரணம் எங்க அத்தான்." மேடம் சிரிச்சுட்டாங்க. "காத்துல இருக்கிற ஆக்சிஜன் ஒரு குட்டிக் காந்தம். அது பக்கத்துல வந்து நின்னாலே போதும், தண்ணி சட்டுன்னு எதிரெதிர் வகைக்கு மாறிடும். அடுத்த தடவை ஆக்சிஜனை நானே அளந்து விடறேன். நீ தயவுசெஞ்சு நட்டை முடுக்கு."

புரியுதா அத்தான்? பக்கத்துல வேண்டாத ஆள் ஒண்ணு வந்து நிக்கணும். அது நான். சாயங்காலம் பஸ் நிக்கிற சத்தம் கேட்டா உங்க பொண்டாட்டி வாசலுக்கு ஓடறா. கேட்டா "துணி காஞ்சுதான்னு பார்த்தேன்"கிறா. துணியை மூணு மணிக்கே எடுத்து மடிச்சாச்சு. சனிக்கிழமை வந்து கூட்டிட்டுப் போங்க. எதிரெதிராவே சுத்துங்க, ஆனா ஒரே வீட்டுக்குள்ள சுத்துங்க.

வயசுல சின்னவ, ஆசீர்வாதம் பண்ணக் கூடாது. அதனால அதட்டி முடிக்கிறேன்: நல்லா இருங்க!

உங்கள் ஆக்சிஜன்

பி.கு.: நீங்க வர வேண்டாம். மாவு டப்பாவுக்குப் பின்னாடி ஒளிச்சு வச்ச இந்தக் கடிதத்தை அக்கா எடுத்துப் படிச்சுட்டா. என் தலை பத்திரம். "இதுக்கு ஸ்டாம்ப் வேற தண்டமா, குடுடி"ன்னு பையைத் தூக்கிட்டா. இதை உங்க கையில கொடுத்துட்டு எதிர்ல நிக்கிறது அவதான். படிச்சது போதும், நிமிர்ந்து பாருங்க. ஜன்னல் திறந்தே இருக்கட்டும், என் கம்பளியைத் தூக்கிட்டு வந்திருக்கா.